ஆராய்ச்சி மாணவரும் மடிக்கணினியும்

விஞ்ஞானத் துறையில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்ட மாணவர் ஒருவர், சொந்தத்தில் ஒரு மடிக்கணினி வாங்கிவிடுவது என்ற தீர்மானத்துடன் கடைக்குள் நுழைவாரேயாயின், அவரிடம் முதலில் கேட்கப்படுவது ‘பட்ஜெட் எவ்வளவு?’ என்பதாகவும், அடுத்தபடியாகக் கேட்கப்படுவது ‘ஐ5 வேண்டுமா, ஐ7 வேண்டுமா?’ என்பதாகவும்தான் பெரும்பாலும் இருக்கும். அவர் அந்த யந்திரத்தைக் கொண்டு செய்யவிருக்கும் காரியம் இன்னதென்று விசாரிக்கும் வழக்கம் விற்பவர்களிடம் அநேகமாக இல்லை. அதை எடுத்துச் சொல்லும் வழக்கம் வாங்குகிறவர்களிடமும் இல்லை. இதன் பயனாக, பல மாத உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம், மெல்லிய உடலுக்கும், வர்ண விளக்கெரியும் விசைப்பலகைக்கும், மூடியின்மேல் ஒட்டியிருக்கும் செயலியின் பெயர்ச்சீட்டுக்கும் போய்ச் சேருகிறது. என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கையிருப்புக் குறைவாக உள்ள ஆராய்ச்சி மாணவர் தம் பணத்தை முதலில் ராம் என்னும் நினைவகத்துக்கும், அடுத்து உஷ்ணத்தைத் தாங்கும் உடலுக்கும், அதற்கும் அடுத்துப் பழுது பார்க்கும் சௌகரியத்துக்கும் செலவிட வேண்டும்; இந்த மூன்றையும் மலிவாகப் பெறுவதற்கு, புதிய யந்திரத்தைவிட, அலுவலக உபயோகத்துக்கென்று செய்யப்பட்டு மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்து வெளிவந்த பழைய யந்திரமே பெரும்பாலும் மேலானது.

பணத்தின் அளவைச் சற்று நினைத்துப் பார்ப்போம். சி.எஸ்.ஐ.ஆர்., யு.ஜி.சி. ஆகிய அமைப்புகளின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் 31,000 ரூபாயாக இருந்தது, 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைப் பெறுகிறவர்களைப் பாக்கியசாலிகள் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில், யாதோர் உதவித்தொகையும் இன்றி, பகலில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு இரவில் ஆய்வேட்டுக்கு உழைக்கும் மாணவர்கள் நம் மாநிலத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். மடிக்கணினிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதாவது, 60,000 ரூபாய்க்கு ஒன்றை வாங்கினால் அதில் சுமார் 9,000 ரூபாய் வரியாகவே போய்விடுகிறது. இத்தகைய நிலைமையில் இருப்பவர்களிடம் ‘எதிர்காலத்தை உத்தேசித்து உயர்ந்ததாக வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று உபதேசிப்பதைப் போலப் பொறுப்பற்ற பேச்சு வேறொன்றில்லை.

ராமைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், விஞ்ஞானக் கணக்கின் சுபாவமே அப்படிப்பட்டது என்பதுதான். ஓர் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ள இத்தகைய கணக்குகளில் வழக்கமாக 8 பைட் இடம் ஒதுக்கப்படுகிறது. 10,000 நிரைகளும் 10,000 நிரல்களும் கொண்ட ஓர் அணியை அப்படியே நினைவில் நிறுத்த 80 கோடி பைட் வேண்டும், 8 ஜி.பி. ராம் உள்ள யந்திரம் அதைச் சிரமமின்றித் தாங்கிவிடும். ஆனால், அந்த 10,000 என்பது 30,000 ஆகும்போது தேவைப்படும் இடம் மும்மடங்கோடு நிற்காமல் ஒன்பது மடங்காகி, 720 கோடி பைட்டாக வளர்ந்துவிடுகிறது. விண்டோஸும், திறந்து வைத்திருக்கும் பிரௌசரும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, அந்த அணிக்கே இடமில்லை என்றிருக்க, அதன்மேல் கணக்குப் போடும் மென்பொருள் கேட்கும் பிரதிகளுக்கு எங்கே போவது? அப்போது யந்திரம் உடனே நின்றுவிடுவதில்லை, சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யின் ஒரு பகுதியை ராமாகப் பாவித்துக்கொண்டு, அங்கும் இங்குமாகத் தரவுகளை மாற்றி மாற்றி இழுத்துப் போடத் தொடங்குகிறது, எஸ்.எஸ்.டி. எவ்வளவு வேகமானதாயினும் ராமோடு ஒப்பிடும்போது பல மடங்கு மந்தமானது. களம் சிறுத்திருந்தால் எத்தனை ஆள் விட்டாலும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்துதான் கதிரடிக்க முடியும் என்பது நம் குடியானவர்களுக்குத் தெரியும். செயலியின் வேகத்துக்கு மட்டும் பணத்தைக் கொட்டிவிட்டு ராமில் சிக்கனம் பிடிக்கும் மாணவரின் நிலை அதுதான்.

எல்லாத் துறைக்கும் இது ஒரே அளவில் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. மனித ஆர்.என்.ஏ. வரிசைகளை ஜீனோமோடு பொருத்திப் பார்க்கப் பெரிதும் உபயோகிக்கப்படும் ‘ஸ்டார்’ என்ற மென்பொருள் சுமார் 30 ஜி.பி. ராம் இல்லாமல் அடியெடுத்து வைக்காது. மாறாக, மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் ‘குரோமாக்ஸ்’ போன்றதற்கு ராம் சொற்பமே போதும். அது கேட்பதெல்லாம் செயலியின் உழைப்பையும் கிராபிக்ஸ் கார்டின் உழைப்பையும்தான். ஆகையால், எந்த மாணவரும் கடைக்குப் புறப்படுமுன், தாம் செய்யவிருக்கும் கணக்கை ஆய்வுக்கூடத்துக் கணினியில் ஒருமுறை ஓடவிட்டு, அது அதிகபட்சமாக எவ்வளவு ராம் எடுக்கிறது என்பதை டாஸ்க் மேனேஜரில் பார்த்துக் குறித்துக்கொள்வது அவசியம். அந்த ஓர் எண்ணுக்கு இருக்கும் மதிப்பு எந்த விளம்பரத்துக்கும் கிடையாது. அதைப் பார்க்க வசதியில்லாதவர்களுக்குப் பொதுவாக ஒன்று சொல்லலாம்: 16 ஜி.பி. குறைந்தபட்சம், 32 வரையிலாவது பின்னால் ஏற்றிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். 2025இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியிருக்கும் நிலையில், ஏற்கெனவே ராம் நிறையப் பொருத்தப்பட்ட பழைய யந்திரம் கிடைத்தால் அது இரட்டிப்பு லாபம்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே வடிவமைத்து 1960இல் இயக்கிய ‘டிஃப்ராக்’ கணினியின் நினைவகம் 2,048 சொற்கள் கொண்டது; ஒவ்வொரு சொல்லும் 40 பிட். ஆக மொத்தம் சுமார் 10,000 பைட்! அதை வைத்துக்கொண்டு நம் விஞ்ஞானிகள் உருப்படியான ஆராய்ச்சி செய்தார்கள். இடம் இல்லாத காரணத்தால் அவர்களுக்கு யோசனை மிகுதியாக இருந்தது போலும். இன்றைய மாணவர்களில் பலர், பெரும்பாலும் பூஜ்யங்களே நிறைந்த ஓர் அணியை, பூஜ்யம் உட்பட முழுமையாகவே நினைவில் ஏற்றிவிட்டு, யந்திரம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். 1,000க்கு 1,000 என்ற கட்டங்களில் உஷ்ணம் பரவுவதைக் கணக்கிட வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத எண்கள் 10 லட்சம். அதற்குரிய அணியை முழுமையாக எழுதினால் 8 லட்சம் கோடி பைட் வேண்டும். அதற்குத் தகுந்த மடிக்கணினி பூலோகத்தில் இல்லை. பூஜ்யமல்லாதவற்றை மட்டும் சேமிக்கும் முறையில் எழுதினாலோ, ஒரு நிரைக்கு ஐந்து எண்களே இருப்பதால், எண்களுக்கு 4 கோடி பைட்டும், அவற்றின் இடத்தைக் குறிக்க இன்னும் கொஞ்சமும் போதும். அவ்வாறே, ‘ஆர்’ மொழியில் புள்ளியியல் கணக்கிடுகிறவர்கள், அதனோடு இயல்பாக வரும் அணிக்கணித நூலகத்தை மாற்றி ‘ஓப்பன்பிளாஸ்’ என்ற இலவச நூலகத்தை இணைத்துக்கொண்டால், பெரிய அணிகளைப் பெருக்கும் வேலை பல மடங்கு விரைவுபடும். காசு செலவில்லாத இந்த முன்னேற்றங்களைச் செய்து முடித்த பிறகே கடைவாசலை மிதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி, செயலியின் பெயர். 2016இல் வெளிவந்த ‘ஐ7-7500யூ’ என்ற செயலிக்குள், கணக்கிடும் உறுப்புகளான கோர்கள் இரண்டே இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘ஐ5-8250யூ’வுக்குள் நான்கு. பெயரில் 7 என்று இருப்பதை நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவருக்குப் பாதிக் கோர்களே கிடைத்தன என்றால், அந்த எண்ணின் யோக்கியதை எவ்வளவு என்பது விளங்கும். 2023இன் இறுதியில் இன்டெல் நிறுவனத்தார் தங்கள் புதிய செயலிகளில் அந்த ‘ஐ’ என்ற எழுத்தையே கைவிட்டு ‘கோர் அல்ட்ரா’ என்று பெயர் சூட்டத் தொடங்கிவிட்டனர். பெயர்கள் மேலும் குழம்பியதைத் தவிர வாங்குகிறவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் விளையவில்லை. பெயரில் முதலில் வரும் எண்ணைவிட இறுதியில் நிற்கும் எழுத்தே நமக்கு முக்கியமானது. ‘யூ’ என்றிருந்தால் அது சுமார் 15 வாட்டில் உழைக்க ஏற்பட்டது. ‘எச்’ என்றிருந்தால் சுமார் 45 வாட்.

அந்த வாட் அத்தனையும் உஷ்ணமாகவே வெளியேற வேண்டும் என்பதுதான் இதில் நுட்பமான விஷயம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடப்படும் கிகாஹெர்ட்ஸ், செயலி குளிர்ந்திருக்கும்போது சிறிது நேரம் எட்டிப்பிடிக்கும் உச்ச வேகம். ஒரு கோப்பைத் திறக்கவும், ஒரு படத்தைத் திருத்தவும் அந்தச் சிறிது நேரமே போதுமாதலால், சாதாரண உபயோகத்தில் யாரும் குறை காண்பதில்லை. ஆராய்ச்சிக் கணக்கோ மாலையில் தொடங்கி மறுநாள் காலை வரையில் ஓயாமல் ஓடுவது. இன்டெல் மடிக்கணினிச் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு உஷ்ண வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மெல்லிய உடலில் சக்திவாய்ந்த செயலியை அடைத்து விற்பதன் விபரீதம் இங்கேதான் வெளிப்படுகிறது. விலை கொடுத்து வாங்கிய வேகம் முதல் சில நிமிஷங்களோடு விடைபெற்றுக்கொள்கிறது. வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் மின்விசிறி மட்டுமே உள்ள விடுதி அறையின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அறையின் சூடு ஏற ஏறச் செயலிக்கு மிஞ்சும் இடைவெளி குறைந்துகொண்டே போகிறது. ஆதலால் சற்றுப் பருமனான உடலும், பெரிய காற்றுத் துவாரங்களும், திறந்து தூசி தட்டக்கூடிய விசிறியும் கொண்ட யந்திரத்தை அழகில்லை என்று ஒதுக்குவது தவறு. கடையில் அனுமதித்தால், எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுக்கும் ஒரு சிறு நிரலை அரைமணி நேரம் ஓடவிட்டு, வேகம் எவ்வளவுக்கு இறங்கி நிலைகொள்கிறது என்று பார்க்கலாம். அப்படி நிலைகொள்ளும் வேகமே மெய்யான வேகம்.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குரோமாக்ஸுக்கும் நரம்பு வலையமைப்புகளுக்கும் அது பெருந்துணை. ஆனால் விளையாட்டுக்கென்று விற்கப்படும் என்விடியா 30, 40 வரிசைக் கார்டுகளில், 8 பைட் துல்லியத்தில் போடும் கணக்கின் வேகம், 4 பைட் துல்லியத்தில் போடுவதன் வேகத்தில் 64இல் ஒரு பங்கே. உயர்ந்த துல்லியம் வேண்டியவர்களுக்கு அந்தக் கார்டு ஒரு விலையுயர்ந்த அடுப்பு மட்டுமே.

உறுதி என்பதைப் பற்றியும் விளம்பரங்கள் நம்மை ஏய்க்கின்றன. ‘ராணுவத் தரம்’ என்று பல மடிக்கணினிகளின் பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். இது 1962இல் முதன்முதலாக வெளிவந்த, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘மில்-ஸ்டாண்டர்டு 810’ என்ற பரீட்சை முறைத் தொகுப்பைக் குறிக்கிறது. விழுதல், அதிர்வு, உஷ்ணம், ஈரம், மணல், உப்புக்காற்று என்று பற்பல பரீட்சைகள் அதில் உண்டு. அவற்றுள் எவற்றைச் செய்வது, எந்தக் கடுமையில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானித்துக்கொள்ளலாம். அந்தத் துறை யாருக்கும் நற்சான்றுப் பத்திரம் வழங்குவதுமில்லை. உண்மையில் மடிக்கணினிகள் போர்க்களத்தில் சாவதில்லை. கீல் உடைந்தும், சார்ஜர் செருகும் துளை தளர்ந்தும், பேட்டரி உப்பியும், விசிறியில் தூசி அடைத்தும், விசைப்பலகையில் தேநீர் கொட்டியும்தான் சாகின்றன. ஆகவே, ஐந்து ஆண்டு உழைக்க வேண்டிய யந்திரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அது பழுதாகுமா என்பதைவிட, பழுதானால் பக்கத்து ஊர்க் கடைக்காரர் அதைத் திறந்து சரிசெய்வாரா என்பதே.

பழுது பார்க்கும் சௌகரியம் என்ற இந்தப் பரீட்சையில் தேறுகிறவை பெரும்பாலும் அலுவலக வரிசை யந்திரங்கள். 1992இல் ஐ.பி.எம். தொடங்கி 2005இல் லெனோவாவின் கைக்குப் போன திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்.பி.யின் எலீட்புக் ஆகியவை, ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்கும் நிறுவனங்களை உத்தேசித்துச் செய்யப்பட்டவை. அந்த நிறுவனங்களின் பழுதுபார்ப்போர் நாள்தோறும் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால், எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்பது முதற்கொண்டு விவரிக்கும் கையேடுகளைத் தயாரிப்பாளர்களே யாவரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். உதிரி பாகங்களும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்று நான்கு ஆண்டுக் குத்தகை முடிந்ததும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் இவற்றைக் கும்பலாகக் கழித்துவிடுகின்றன. அவை சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூர் எஸ்.பி. சாலைக்கும் வந்து, புத்தம் புதிதாக இருந்த விலையில் பாதிக்கும் மிகக் குறைவான தொகைக்கு விற்பனையாகின்றன. லாட்டிட்யூட் 5400, எலீட்புக் 840 ஜி6 போன்றவற்றில் ராம் செருக இரண்டு துளைகள் இருக்கின்றன. தேவை வளரும்போது ராமையும் வளர்த்துக்கொள்ளலாம்.

பழையது வாங்குவதில் அபாயம் இல்லாமலில்லை. அதை மறைப்பது நியாயமாகாது. திங்க்பேட் என்ற பெயர் கொண்டவை அனைத்தும் ஒன்றல்ல. எக்ஸ்1 கார்பனைப் போன்ற மெல்லிய மாடல்களில் ராம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் ஓர் எம்.பி.யைக்கூடக் கூட்ட இயலாது. பழைய நிறுவனம் போட்ட பயாஸ் பாஸ்வேர்டு நீங்காமல் இருக்கும் யந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பேட்டரி தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவையும் இன்று தாங்கும் கொள்ளளவையும் காட்டும் அறிக்கையை விண்டோஸே தயாரித்துக் கொடுக்கும். கடைக்காரரை அதை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் செயலிகளில் விண்டோஸ் 11ஐ ஏற்பவை பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே, ஆதலால் அதற்கு முந்தியது எவ்வளவு மலிவாயினும் விண்டோஸ் வேண்டுவோர் தொடக்கூடாது. லினக்ஸில் வேலை செய்வோருக்கு இந்த நிபந்தனை இல்லை. ரசீதும் ஆறு மாதமாவது உத்தரவாதமும் கொடுக்காத கடையில் எதையும் வாங்க வேண்டாம்.

ஆப்பிள் யந்திரங்களை நான் விட்டுவிட்டதாகச் சிலர் குறைப்படக்கூடும். 2020இல் எம்1 செயலி வந்தது முதல், குறைந்த மின்சாரத்தில், குறைந்த உஷ்ணத்தில், அவை செய்யும் வேலை பாராட்டத்தக்கதே. ஆனால் வாங்கும் நாளில் எவ்வளவு ராமோ அவ்வளவுதான் அதன் ஆயுள் முழுவதும். கூடுதல் ராமோடு வாங்குவதற்கு ஆப்பிள் கேட்கும் விலை இளநிலை உதவித்தொகைக்காரருக்கு ஏற்றதன்று. என்விடியா கார்டுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் அதில் ஓடுவதுமில்லை. மடிக்கணினியைவிட மேஜைக் கணினி மலிவு என்று சொல்பவர்களின் பேச்சில் முழு உண்மை உண்டு. ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் தயங்காமல் அதையே வாங்கலாம். விடுதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஊருக்குமாக அலைகிறவர்களுக்கும், மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களில் இருப்பவர்களுக்கும், பேட்டரியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் மடிக்கணினிதான் கதி.

எனினும், எந்த மடிக்கணினியும் தாங்காத கணக்குகள் உண்டு. அவற்றை அதன்மேல் ஏற்றி வாரக்கணக்கில் அதை வறுத்தெடுப்பது யந்திரத்துக்கும் கேடு, மாணவரின் காலத்துக்கும் நஷ்டம். 2015இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் கீழ், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022இல் ‘பரம் பொருள்’ என்ற கணினி நிறுவப்பட்டது. அதன் திறன் 838 டெராபிளாப். வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். நல்ல மடிக்கணினியின் செயலி ஒரு டெராபிளாப்பை எட்டுவதே அபூர்வம். நாட்டின் கல்வி நிறுவனங்களை இத்தகைய கணினிகளோடு தேசிய அறிவு வலையமைப்பின் வழியே இணைப்பது அந்தத் திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். அவற்றில் ஒரு பயனர் கணக்கு கிடைத்துவிட்டால், எங்கோ ஓடும் வேலைக்கு ஆணையிட்டு முடிவை வாங்கிப் பார்ப்பதற்கு, தமிழக அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளைப் போன்ற எளிய யந்திரமும் போதும்.

ஆனால், மாநிலக் கல்லூரி ஒன்றில் பயிலும் மாணவர் தனியாக விண்ணப்பம் எழுதி இந்தக் கதவுகளைத் திறந்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தப் பொறுப்பை நெறியாளர்கள் ஏற்க வேண்டும். துறைத் தலைவர்களும், இருபது மேஜைக் கணினிகளுக்குக் குறைந்த விலை டெண்டர் கோரும்போது, அவற்றில் இரண்டைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தை 128 ஜி.பி. ராம் கொண்ட ஒரே ஒரு பொதுக் கணினியின் செலவில் சேர்த்து, எல்லா ஆராய்ச்சி மாணவர்களும் தத்தம் மடிக்கணினியிலிருந்தே அதை அணுக வகைசெய்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.